மாதர் சிறுவாணிபமும் பழக்கமென்னும் முதலும்

வாணிபத்திற்கு முதல் வேண்டும் என்பது யாவரும் ஒப்புக்கொண்ட உண்மை. பெருவாணிபஞ் செய்வோர் அம்முதலைப் பாங்கியிலிருந்தும், பங்குதாரரிடமிருந்தும், முன்னோர் தேடிவைத்த பொருளிலிருந்தும் பெறுகின்றனர். பெற்றதைப் பேரேட்டில் எழுதி, ஆண்டுதோறும் இலாப நஷ்டங் காண்கின்றனர். ஆனால் தலையிலே கூடையும் இடுப்பிலே சுருக்குப்பையுமாகத் தெருத்தெருவாய்ச் சென்று மீன் விற்கும் ஒரு பெண்ணுக்கு, அல்லது ஆலை வாயிலில் விடியுமுன் இட்டிலிப் பானையை அடுப்பிலேற்றும் ஒரு பெண்ணுக்கு, முதல் யாது? பாங்கியில் ஈடுவைக்க அவளுக்கு நிலமில்லை, கடைக்குப் பட்டயமில்லை, கணக்கேடுமில்லை. எனினும் அவள் வாணிபம் நாள்தோறும் நடைபெறுகின்றது. அஃது எங்ஙனம் நடைபெறுகின்றதென்று ஆராயின், அவளது முதலிற் பெரும்பகுதி பழக்கமே என்பது புலனாகும்.

அவள் யாரையெல்லாம் அறிவாள், யாரெல்லாம் அவளை அறிவர், அவர்களுள் எவர் அவள் சொல்லை நம்பிப் பொருள் கொடுப்பர் என்னும் இம்மூன்றையுஞ் சேர்த்தே ஈண்டுப் பழக்கம் என்கின்றோம். சமூக நூலார் இதனைச் சமூக வலைப்பின்னல் என்பர். தமிழில் நாணயம் என்னும் ஒரே சொல் காசையும் குறிக்கும். வாக்குத் தவறாமையையும் குறிக்கும். சிறுவாணிப மாதர் திறத்தில் இவ்விரு பொருளும் வேறல்ல. இரண்டாவது உள்ளவர்க்கே முதலாவது கிட்டும். சென்னைக்கு வடபாலுள்ள காத்திவாக்கத்தை நடுவாகக் கொண்டு, இப்பழக்கம் மாதரின் தொழிலை எவ்வாறு தாங்குகின்றது, எவ்விடத்திற் கைவிடுகின்றது, அவ்விடத்திற் செய்யத்தக்கது யாது என்பவற்றை இக்கட்டுரையிற் சுருங்கக் காண்போம்.

இடமும் தொழிலும்

காத்திவாக்கம் திருவொற்றியூருக்கு வடக்கே, கிழக்கில் வங்கக் கடலும் மேற்கிற் பக்கிங்ஹாம் கால்வாயும் வடக்கிற் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரமும் சூழ அமைந்த நெடிய நிலத்துண்டில் உள்ளது. நெடுங்காலம் தனி நகராட்சியாயிருந்து, 2011-ஆம் ஆண்டிற் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், சின்னக்குப்பம், பெரியகுப்பம் முதலிய மீனவர் குப்பங்கள் இதனையும் எண்ணூரையும் அடுத்துக் கடலோரத்தும் கழியோரத்தும் இருக்கின்றன. மறுபுறத்தே ஆலைகள் எழுந்தன. 1948-ல் நிறுவப்பெற்ற மோட்டார் வண்டிக் கம்பெனியின் தொழிற்சாலை எண்ணூரில் அமைந்தது. அதுவே பின்னர் அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்றது. 1970-ல் அனல்மின் நிலையம் வந்தது. அது 2017-ல் மூடப்பட்டது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டு, இப்பொழுது காமராசர் துறைமுகம் என வழங்குகின்றது.

கடலும் ஆலையும் ஒருங்கே அமைந்த இவ்விடத்தில் மாதர் நடத்தும் சிறுவாணிபமும் இருவகைப்படும். கடலையும் கழியையும் நம்பிய வாணிபம் ஒன்று: பச்சைமீன், இறால், நண்டு விற்றலும், மீனை உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்கி விற்றலும் அதிலடங்கும். ஆலையையும் அதன் தொழிலாளர் குடியிருப்பையும் நம்பியது மற்றொன்று: இட்டிலி, ஆப்பம் சுட்டு விற்றல், பூக் கட்டுதல், காய்கறிக் கடை வைத்தல், வீட்டிலிருந்து துணி தைத்தல் போல்வன. இவ்விருவகையினருக்கும் பொதுவாயிருப்பது, அவர்தம் தொழில் எப்பதிவேட்டிலும் ஏறாதிருத்தலே.

இத்தகைய தொழில்களை முறைசாராத் துறை என இக்காலத்துப் பொருளியலார் வழங்குகின்றனர். மானிடவியலறிஞராகிய கீத் ஹார்ட் என்பார், கானா நாட்டின் தலைநகராகிய அக்ராவிற் குடியேறிய ஏழை மக்களிடையே ஆராய்ந்து, வேலையற்றோர் என்று எண்ணப்பட்டோர் உண்மையில் ஓயாது உழைத்துப் பிழைப்போரே என 1973-ல் வெளிவந்த தம் கட்டுரையிற் காட்டினார். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் கென்யாவைக் குறித்து 1972-ல் வெளியிட்ட அறிக்கையும் இச்சொல்லை உலகெங்கும் பரப்பிற்று. நம் தேசத்தில், அர்ஜுன் சென்குப்தா தலைமையில் அமைந்த தேசியக் குழு 2007-ல் அளித்த அறிக்கையின்படி, உழைப்போருள் 100-க்கு 90-க்கு மேற்பட்டோர் இத்தகைய பாதுகாப்பற்ற வேலையிலேயே இருந்தனர். முறைசாரா என்றமையால் அவர்கட்கு யாதொரு முறையும் இல்லையென்று கருதற்க. சர்க்கார் ஏட்டில் எழுதிய முறை இல்லையே யொழிய, எழுதாத முறைகள் பலவுள. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

கொள்முதல்

மீன் விற்கும் பெண்ணின் நாள் இருட்டிலே தொடங்குகின்றது. காத்திவாக்கத்துக் குப்பங்களிற் கரைசேரும் மீன் போதாத நாளில் அவள் தெற்கே இராயபுரத்தை அடுத்த காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்திற்குப் போதல் வேண்டும். அங்கே மீன் ஏலத்தில் விற்கப்படுகின்றது. ஏலத்தில் வைக்கும் குவியல் பெரிது. ஒரு கூடைக்காரியின் கையிலுள்ள பணம் சிறிது. ஆதலின் மூவர் நால்வர் பெண்கள் சேர்ந்து ஒரு குவியலை எடுத்துத் தமக்குள் கூறு போட்டுக்கொள்வர். பனிக்கட்டியையும் ஒன்றாக வாங்குவர். ஆட்டோ வாடகையையும் பங்கிட்டுக்கொள்வர். தனித்து வருபவளுக்கு இவை யாவும் மிகுந்த விலையாகும்.

இக்கூட்டில் யார் சேர்வர்? நாத்தியோ, ஓரகத்தியோ, அடுத்த வீட்டுக்காரியோ, ஒரே குப்பத்திற் பிறந்து வளர்ந்தவளோ ஆவர். ஒருத்தியிடம் இன்று பணம் குறைந்தால் மற்றவள் ஈடுசெய்வாள். நாளை அவள் இவளுக்குச் செய்வாள். ஏலங்கூறுவோரிடத்தும் பழக்கமே பேசுகின்றது. பலநாட் பழகிய பெண்ணுக்கு, விற்றபின் மாலையிலோ மறுநாளோ பணந்தரலாம் என்று மீன் கொடுப்பர். புதியவள் ரொக்கம் வைத்தாலன்றிக் கூடையைத் தொடவியலாது. ஒரு நாட் கடன் சிறிதெனத் தோன்றலாம். கையில் ஆயிரம் ரூபாயுள்ள பெண் ஈராயிரத்திற்கு மீன் எடுக்க அவ்வொரு நாட் கடனே உதவுகின்றது என்பதை எண்ணின், அதன் அருமை விளங்கும்.

விற்பனை

வாங்கிய மீனை உச்சிவெயிலுக்குள் விற்றாக வேண்டும்; தாழ்த்தால் விலை பாதியாகும். இந்நிலையில் அவளுக்குத் துணையாவது வாடிக்கை. எந்த வீட்டார் எந்தக் கிழமையில் மீன் உண்பர், எவர்க்கு முள்ளில்லா மீன் வேண்டும், எவர் வீட்டிற் பிள்ளை பெற்றவள் இருக்கின்றாள் என்பனவெல்லாம் அவள் மனப்பாடமாய் அறிந்தவை. இக்காலத்திற் கைப்பேசி வழியே, இன்று என்ன மீன், என்ன விலை என்று முன்னரே சொல்லியனுப்புவோரும் உளர். கருவி புதிது, அதிற் பேசுவோர் பழைய வாடிக்கைக்காரரே.

தெருக்களும் ஒருவாறு பங்கிடப்பட்டேயிருக்கும். ஒருத்தி பல்லாண்டாகச் செல்லும் தெருவில் மற்றொருத்தி நுழைதல் முறையன்றெனக் கொள்வர். மாமியார் நடந்த தெரு மருமகளுக்கும், தாய் நடந்த தெரு மகளுக்கும் வருதலுண்டு. இஃதொரு சொத்து; ஆயின் பத்திரமில்லாச் சொத்து. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் நகரப் பேருந்துகளுள் சாதாரணக் கட்டண வண்டிகளில் மாதர் கட்டணமின்றிச் செல்லலாமென ஏற்பட்டமையால், கூடைக்காரி சென்றடையக்கூடிய தெருக்கள் பெருகின. ஆயினும் பேருந்து அவளை அத்தெருவில் இறக்கிவிடுமேயன்றி, அங்கே வாடிக்கையைத் தேடித்தராது.

வாடிக்கைக்கு விலையுமுண்டு. பழகியவர் கடன் சொல்லி வாங்குவர். மறுத்தால் வாடிக்கை போய்விடும், கொடுத்தால் முதல் முடங்கும். ஆலை வாயிலில் இட்டிலி விற்பவள் தொழிலாளர்க்குச் சம்பள நாள் வரையிற் கணக்கு வைத்துக் கொடுக்கின்றாள். அவ்வாலையில் வேலை நின்றால், அவள் இழப்பது அன்றைய விற்பனை மட்டுமன்று. பலர் கையிற் சிதறிக் கிடக்கும் அவள் முதலுங்கூடவாம். பெரிய ஆலையொன்று கதவடைக்கும்போது அதன் கடன்காரர் பட்டியலை நீதிமன்றம் ஆராயும். அப்பட்டியலில் வாயிலோரத்து இட்டிலிக்காரியின் பெயரைக் காணமாட்டோம்.

பணம்

பண முடைக்கு அவள் கையிலுள்ள வழிகள் மூன்று: கைமாற்று, சீட்டு, தண்டல். கைமாற்று என்பது வட்டியின்றிச் சில நாளைக்கு வாங்குவது. பெரும்பாலும் பெண்ணுக்குப் பெண் கொடுப்பது. அதற்கு ஈடு, பின்னர் தானுங் கொடுக்கவேண்டுமென்னும் எண்ணமே.

சீட்டு அதனினும் ஒழுங்குபட்டது. பத்துப் பெண்கள் மாதம் 500 ரூபாய் வீதம் போட்டால், மாதந்தோறும் ஒருத்திக்கு 5,000 ரூபாய் கிடைக்கும். குலுக்கலில் முறை தீர்மானிக்கப்படும். பத்தாம் மாதத்தில் யாவரும் போட்டதையே பெற்றிருப்பர். ஆனால் சிறிது சிறிதாய்க் கரையும் காசு ஒருங்கே கைக்கு வருதலால், தராசோ, தையலியந்திரமோ, பெரிய பாத்திரமோ வாங்க இயலும். அமெரிக்க மானிடவியலறிஞர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1962-லும், ஷெர்லி ஆர்டனர் என்னும் அம்மையார் 1964-லும் இத்தகைய சுழற்சிச் சீட்டுக்களை உலகின் பல பாகங்களிற் கண்டு ஒப்பிட்டு எழுதினர். இந்தோனேசியாவில் அரிசான் என்றும், மேற்கு ஆப்பிரிக்காவிற் சுசு என்றும் இது வழங்குகின்றது. இலங்கையிற் சிங்கள மக்களும் சீட்டு என்றே சொல்லுகின்றனர். முதல் மாதமே சீட்டெடுத்தவள் பின் ஒன்பது மாதமும் தவறாது கட்டுவாள் என்பதற்குச் சாட்சி, அவள் அதே தெருவிற் குடியிருப்பதும், அவள் மகளுக்கு அதே தெருவார் வாழ்த்துக்கூற வரவேண்டியிருப்பதுமேயாம்.

தண்டல் வேறு வகை. உதாரணமாக, 10,000 ரூபாய்க் கடனென்று சொல்லி 9,000 ரூபாயைக் கையிற் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் வசூலிப்பதாகக் கொள்வோம். பார்வைக்கு வட்டி ஆயிரம் ரூபாயே. ஆயினும் கடன் நாளுக்கு நாள் குறைந்து வருதலின், அந்நூறு நாளிற் சராசரியாக அவள் கையிலிருந்த பிறர் பணம் 4,500 ரூபாயளவே. எனவே 100 நாளைக்கு நூற்றுக்கு 22 வீதமாய், ஆண்டுக் கணக்கில் வட்டி நூற்றுக்கு 80-ஐ ஒட்டி நிற்கும். தமிழ்நாட்டில் அளவுமீறிய வட்டியைத் தடுக்க 2003-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அங்ஙனமிருந்தும் தண்டல் ஒழியவில்லை. தண்டற்காரர் அந்திப்பொழுதில் அவள் வாயிலுக்கே வருகின்றார். எழுத்தும் படிவமும் கேளார். அவளையும் அவள் விற்பனையையும் நேரே அறிவார். பாங்கி அறியாததை அவர் அறிந்திருக்கின்றார்; அவ்வறிவுக்கே அவள் மிகுந்த வட்டி கொடுக்கின்றாள்.

இவ்விடத்தில் மொய்யையுங் குறிப்பிடல் வேண்டும். பழக்கத்தைப் பேணுதற்குச் செலவுண்டு. திருமணம், மஞ்சள் நீர், காதுகுத்து ஆகிய நாட்களில் மொய் வையாதவள் நாளடைவிற் கூட்டத்தினின்று விலகியவளாவாள். விலகியவளுக்குக் கைமாற்றுங் கிடையாது, சீட்டிலும் இடமில்லை. ஆதலின் வெளியார் வீண்செலவென்று கடிந்துரைக்கும் மொய், அவள் கணக்கில் வாணிபச் செலவேயாகும். ஆயினும் அஃது அவள் முதலை அவ்வப்போது அரித்துவிடுகின்றது என்பதும் மறுக்கற்பாலதன்று.

துணையின் வலிமை

துணையுள்ள பெண் தொழிலில் முன்செல்வாள் என்பது வெறும் ஊகமன்று. ஆமதாபாத்தில் இளா பட் அம்மையார் 1972-ல் சுயதொழில் மாதர் சங்கத்தை நிறுவினார். 1974-ல் அதன் உறுப்பினர் 4,000 பேர் தலைக்குப் பத்து ரூபாய் போட்டுத் தமக்கென ஒரு கூட்டுறவுப் பாங்கியைத் தோற்றுவித்தனர். பின்னாளில் அப்பாங்கியின் வாடிக்கைப் பெண்களிடையே எரிக்கா ஃபீல்டு, சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே, நடாலியா ரிகோல் ஆகிய பொருளியலறிஞர் ஒரு சோதனை செய்து, அதன் முடிவை 2016-ல் வெளியிட்டனர். சில பெண்களுக்கு இரண்டு நாள் வாணிபப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களுட் சிலரை மட்டும், சீட்டெடுப்புப்போலத் தெரிந்து, ஒரு தோழியையும் உடனழைத்து வரச் சொன்னார்கள். பயிற்சி இருசாரார்க்கும் ஒன்றே. ஆயினும் தோழியோடு வந்தவர்களே தொழிலுக்காகக் கடன் பெறுவதில் முனைந்தனர். நான்கு மாதங் கழித்து அவர்கள் குடும்ப வருமானமும் மிகுந்திருந்தது. வீட்டைவிட்டு வெளிச்செல்லப் பெண்களுக்குக் கட்டுப்பாடு மிகுந்த சமூகங்களிற் பிறந்தவர்க்கே இப்பயன் அதிகமாய்க் காணப்பட்டது. புத்தியைக் காட்டிலும் துணிவே அவர்களுக்குக் குறைவாயிருந்தது. அத்துணிவைத் தோழி தந்தாள்.

வலையின் எல்லை

இதுகாறும் பழக்கத்தின் நன்மையைக் கண்டோம். இனி அதன் எல்லையைக் காண்போம். காத்திவாக்கம் இதனை மிக வருந்தத்தக்க முறையிற் கற்பித்துள்ளது.

2017 ஜனவரி 28-ஆம் நாள் காமராசர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் கடலிற் கலந்து கரையெங்கும் ஒதுங்கிற்று. கரையோரத்து மீனவர் தொழில் நின்றது. அன்றியும் நகரத்து மக்கள் பலர் எம்மீனையும் வாங்க அஞ்சினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழையின்போது மணலித் தொழிற்பகுதியினின்றும் எண்ணெய் வெள்ளத்தோடு வந்து கால்வாயிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவிற்று. வலைகளும் படகுகளும் கறுத்தன. அம்மாதம் 26-ஆம் நாள் இரவு பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து மக்கள் இருளில் வீடு விட்டோடினர்.

இத்தகைய நாளிற் கைமாற்று யாரிடங் கேட்பது? நாத்தியும் மீன் விற்பவள். ஓரகத்தியும் மீன் விற்பவள். சீட்டிலுள்ள பத்துப் பெண்களும் அதே கழியை நம்பியவர்கள். ஒருத்திக்கு நோயென்றால் ஒன்பதுபேர் தாங்குவர். பத்துப்பேருக்கும் ஒரே நாளில் வருவாய் நின்றால், ஒருவரையொருவர் தாங்குவதெங்ஙனம்? நெருங்கிய பழக்கம் தனியொருவர் துன்பத்திற்கு மருந்து; ஊர் முழுவதையும் ஒருங்கே தாக்கும் துன்பத்தில் அதன் வலி குன்றிவிடும். இறுதியில் யாவரும் தண்டற்காரர் வாயிலிலேயே நிற்க நேரும்.

2023-ஆம் ஆண்டு எண்ணெய்க் கசிவின்பின் சர்க்கார் மீனவக் குடும்பமொன்றுக்கு 12,500 ரூபாயும், பழுதுற்ற படகொன்றுக்கு 10,000 ரூபாயும் நிவாரணமாக அறிவித்தனர். அஃது ஏற்கத்தக்கதே. ஆயினும் அக்கணக்கின் அலகு குடும்பமும் படகும் ஆதலைக் கவனிக்க. மனைவி தனியே நடத்தும் வாணிபம், அவள் வாடிக்கையாரிடம் நிற்கும் கடன், அச்சத்தால் மீன் வாங்காது விட்ட தெருக்கள், இவற்றிற்கு அக்கணக்கில் இடமில்லை. படகு கண்ணுக்குத் தெரியும். பழக்கமென்னும் முதல் கண்ணுக்குத் தெரியாது. ஆதலின் அது கெட்டபோது ஈடு கேட்பாருமில்லை.

மற்றோர் எல்லையுமுண்டு. நெருங்கிய கூட்டம் உள்ளாரை அணைப்பது போலவே வெளியாரை விலக்குவதும் இயல்பு. எண்ணூர்க் கழியிற் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குலத்து மாதரும், வெளியூரினின்று பிழைக்க வந்த பெண்ணும், கணவனை யிழந்து மொய்ம்முறை காக்க இயலாதவளும், மேற்கூறிய கூட்டுக் கொள்முதலிலும் சீட்டிலும் எளிதில் இடம்பெறார். எவளுக்குத் துணை மிக வேண்டுமோ அவளே துணையற்றவளாதல் இம்முறையின் பெருங்குறை.

வெளிப்பழக்கம்

இக்குறையை நீக்கும் வழியை ஆராய்வோர்க்கு மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியலறிஞர் 1973-ல் எழுதிய கட்டுரை ஒளி தருவதாகும். வேலை தேடுவோருக்குப் புதிய செய்தி நெருங்கிய நண்பரிடமிருந்து வருவதினும், எப்போதோ காணும் அறிமுகமானவரிடமிருந்தே மிகுதியும் வருகின்றதென அவர் கண்டார். காரணம் எளிது. நெருங்கியோர் யாவரும் ஒரே செய்தியையே அறிவர்; தூரத்தோர் வேறோர் உலகத்தை அறிவர். நம் கூடைக்காரிக்கும் இது பொருந்தும். அவளுக்கு உட்பழக்கம் நிறைய உண்டு; வெளிப்பழக்கமே அரிது. பாங்கியையும், பிற நகர்ச் சந்தையையும், சட்டத்தையும், வேறு தொழில் செய்யும் பெண்களையும் அவளோடு இணைப்பதே வெளிப்பழக்கம்.

சென்னையிலேயே இதற்கோர் உதாரணம் எழுந்தது. ஜெயா அருணாசலம் அம்மையார் 1978-ல் உழைக்கும் மகளிர் சங்கத்தை இந்நகரில் நிறுவினார். அதற்கு முன் குடிசைப் பகுதிகளில் வெள்ள நிவாரணப் பணி செய்துவந்த அவர், அங்குள்ள பெண்கள் வேண்டுவது இனாமன்று, தொழிலுக்கு நியாய வட்டியிற் கடனே என்று உணர்ந்தார். ஒரே வட்டாரத்துப் பெண்கள் பத்து முதல் இருபது பேர் ஒரு குழுவாய்க் கூடித் தமக்குள் ஒரு தலைவியைத் தெரிந்து, ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்றனர். ஏழைகளுக்கு நூற்றுக்கு 4 வட்டியில் தேசியமயமான பாங்கிகள் கொடுக்கவேண்டிய கடனைச் சங்கம் அவர்களுக்கு வாங்கித்தந்தது. மேலே கண்ட தண்டல் வட்டியோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. பாங்கிகளிற் படிவமும் தாமதமும் அலைச்சலும் மிகுந்திருந்தமையால், 1981-ல் அம்மாதர் தமக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டனர். ஜெயா அருணாசலம் 1987-ல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2019-ல் காலமானார்.

இம்முறையில் நாம் கவனிக்கத்தக்கது யாதெனில், சங்கம் பழைய பழக்கத்தை அழிக்கவில்லை, அதன்மேலேயே கட்டிற்று. தெருவார் ஒருவரையொருவர் அறிந்திருந்த அறிவே ஈடாயிற்று. அவ்வீட்டைப் பாங்கி ஒப்புக்கொள்ளும்படி நடுவே நின்று மொழிபெயர்த்ததே சங்கத்தின் தொண்டு. 1983-ல் ஏற்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனமும், 1992-ல் நபார்டு பாங்கி தொடங்கிய சுயவுதவிக் குழு இணைப்பும் பின்னர் இவ்வழியைத் தமிழகமெங்கும் விரித்தன. கல்கத்தாவில் நடந்த மற்றொரு சோதனையில், மாதத்திற்கொருமுறை கூடிய குழுவினரைக் காட்டிலும் வாரந்தோறும் கூடிய குழுவினர் ஒருவர் வீட்டிற்கு ஒருவர் மிகுதியாய்ச் சென்று பழகினரென்றும், அடுத்த கடனைத் தவறாது திருப்புவதிலும் மேம்பட்டனரென்றும் 2013-ல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. ஆகவே பழக்கம் தானே முளைப்பது மட்டுமன்று. தகுந்த முறையால் வளர்க்கவும் படுவது.

ஓர் எச்சரிக்கை

ஆயினும் பழக்கத்தை ஈடாக்குவோர் ஓர் அபாயத்தை மறத்தலாகாது. ஈடு வைத்த பொருளைப் பறிப்பதுபோலப் பழக்கத்தையும் பறிக்கக்கூடும். ஆந்திரப் பிரதேசத்தில் இலாபநோக்கமுடைய சிறுகடன் நிறுவனங்கள் பெருகி, ஒரே பெண்ணுக்குப் பல கடன்களை அளித்தன. தவணை தவறியவளைக் குழுவினரே நெருக்கும்படி ஆயிற்று. கடனாளிகள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. 2010 அக்டோபரில் அவ்விராச்சிய சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது. அங்கே நேர்ந்தது பணநஷ்டத்தினும் கொடியது. கைமாற்றுக் கொடுத்த அண்டை வீட்டாள் கடன் வசூலிப்பவளாய் மாறினாள். பல்லாண்டு சேர்ந்த நம்பிக்கை, ஒரு நிறுவனத்தின் வசூற் கணக்கை நிரப்பச் செலவாயிற்று. குழுவின் பொறுப்பு குழுவினரின் நன்மைக்காக இருக்கின்றதா, கடன் கொடுப்போரின் வசதிக்காக இருக்கின்றதா என்பதே நல்ல ஏற்பாட்டையும் தீயதையும் பிரித்தறியும் உரைகல்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துக்கள் பெறப்படும். முதலாவது, இம்மாதர்க்கு உதவ விரும்புவோர் கடனும் பயிற்சியும் தனியொருத்திக்கு அளிப்பதினும், அவளது கூட்டாளியோடு சேர்த்தளித்தல் நலம். இரண்டாவது, ஒரே கடலை நம்பியோர் தமக்குள் மட்டும் பிணைந்திராது, வேறு ஊராரோடும் வேறு தொழிலாரோடும் ஒரு சங்கத்திற் பிணைந்திருத்தல் வேண்டும். கழி கெட்ட நாளில் ஆவடியிலோ காஞ்சியிலோ உள்ள உறுப்பினரின் சேமிப்பு எண்ணூருக்கு உதவும். மூன்றாவது, அவள் வாணிபத்திற்கு எழுத்துச் சான்று வேண்டும். 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் விற்பனைச் சான்றிதழ் அளிக்கவும், நகர விற்பனைக் குழுவில் 100-க்கு 40-க்குக் குறையாத இடத்தை வியாபாரிகளுக்கே தரவும், அவ்விடங்களுள் மூன்றிலொரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கவும் விதித்துள்ளது. 2020-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய தெரு வியாபாரிகள் கடன் திட்டம் முதற் கடனாக 10,000 ரூபாய் வகுத்தது. சான்றிதழோ சிபாரிசுக் கடிதமோ உடையவளுக்கே அக்கடன் எட்டும். அதைப் பெறும் வழியை அறிந்தவரை அவள் அறிந்திருத்தல் வேண்டும். மீண்டும் பழக்கமே வாயிலாகின்றது.

இவ்விடத்திற்றான் கற்றவர்க்கு வேலையுண்டு. விண்ணப்பத்தை நிரப்பத் தெரிந்தவரும், சட்டத்தைப் படித்துப் பொருள் கூறத் தெரிந்தவரும், வட்டிக் கணக்கைப் போட்டுக் காட்டத் தெரிந்தவரும் நம் கல்லூரியில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் தேர்கின்றனர். அவர்களுள் ஒருவரை அறிந்திருத்தலே காத்திவாக்கத்துக் கூடைக்காரிக்கு ஒரு வெளிப்பழக்கமாகும். பொருளியல் பயிலும் மாணவ மாணவியர், தம் வீட்டு வாயிலில் மீன் விற்கும் அம்மையாரிடம் இன்றைய விலையோடு, ஏலத்தில் என்ன கொடுத்தார், யாரோடு சேர்ந்து எடுத்தார், எவ்வட்டிக்கு வாங்கினார் என்று மரியாதையுடன் விசாரித்துக் குறித்து வருவார்களாயின், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு கணக்கு எழுதத் தொடங்கும். அடுத்தமுறை கழி கறுக்கும்போது, நிவாரணம் எழுதுவோர் கையில் அக்கணக்கு இருத்தல் வேண்டும்.